துடுப்பில் காது வைத்தவர்கள்

கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்காத மட்டக்களப்பு ஆள் ஒருவரைக் காட்டுவது கஷ்டம். "மீன்பாடும் தேன்நாடு" என்று எங்கட ஊருக்குப் பெயர். கடைப் பெயர்ப்பலகையில், விளையாட்டுக் கழக இலச்சினையில், கலியாணக் காட்டில்கூட அந்த மீன் இருக்கும். மீன் பாடினதைக் காதால் கேட்டிருக்கிறீங்களா என்று என்ட வகுப்பில் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் கை உயர்த்தினார்கள். எங்க கேட்டீங்க என்றதற்கு இரண்டு பேரும் யூரியூப் என்றார்கள்.

மீன் பாடுமா பாடாதா என்ற வழக்கை நான் இந்தக் கட்டுரையில் விசாரிக்கப் போவதில்லை. எனக்கு வந்த கேள்வி வேற: கேட்டவர்கள் எதை வைத்துக் கேட்டார்கள்? இந்தக் கேள்வி நூலகத்தில் இருந்து வரவில்லை. ஒரு றேடியோ திருத்தும் கடையில், கையைச் சுட்டுக்கொண்ட பிறகு வந்தது.

அம்மாவின் பழைய றேடியோவைக் கொண்டுபோன இடத்தில் அந்தக் கடை மாமா ஒரு பித்தளைத் தட்டைத் தந்தார். இரண்டு ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது, நடுவில் வெள்ளையாக ஒரு பூச்சு. அலாரம் மணிக்கூட்டில் "கீ கீ" என்று கத்துகிற சாமான் அதுதான். "இதுக்குக் கரண்ட் குடுத்தாக் கத்தும். நீ தட்டினா இது கரண்ட் தரும். ரெண்டு பக்கமும் வேலை செய்யும் புள்ள" என்றார். கலைப்பீடத்துப் பிள்ளை எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. வாவிக்குள் போட்டால் மீனும் தட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு சோல்டரிங் அயனைச் சூடாக்கினார்.

வாவியின் சத்தத்தைப் பற்றி எழுத்தில் இருக்கிற பழைய சாட்சியங்களில் எல்லாரும் எடுத்துக் காட்டுவது எமேர்சன் டெனன்ட் எழுதியதை. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது கோட்டைக்கு முன்னால் வாவியில் தோணி ஏறிப் போய்க் கேட்டதை 1859இல் வந்த "சிலோன்" என்ற நூலில் விவரிக்கிறார். காற்று இல்லாத நிலவு இரவு. தண்ணீருக்குள் இருந்து ஒரு தந்தி அதிர்வது போலவும், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போலவும் சத்தங்கள் வந்தன என்கிறார். ஒரே நீண்ட சுரம் இல்லை, சின்னச் சின்னச் சத்தங்கள் பல சேர்ந்தது. தோணி நகர நகரச் சில இடங்களில் கூடும், சில இடங்களில் இல்லாமலே போகும்.

எல்லாரும் இந்த அழகான பகுதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு விசயங்கள்தான் எனக்கு முக்கியம். முதலாவது, டெனன்ட் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் மீனவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். எங்கட தகப்பன்மார் காலத்தில் இருந்து தெரியும், கோடையில்தான் கேட்கும், மாரி வெள்ளம் வந்தால் நின்றுவிடும், எந்த இடத்தில் என்று காட்டுகிறோம் வாருங்கள் என்று சொன்னவர்கள் அவர்கள். அது மீன் இல்லை, சிப்பி என்றும் சொல்லியிருக்கிறார்கள். "ஊரி" என்று தொடங்கும் ஒரு பெயரை டெனன்ட் ஆங்கில எழுத்தில் குதறி எழுதி, அழும் சிப்பி என்று பொருள் கொடுக்கிறார். ஊரி என்ற சொல் இப்பவும் எங்கட கரையில் உயிரோடு இருக்கு. பருவம், இடம், நிலவு, எந்த உயிர் என்ற ஊகம் எல்லாமே அந்த மீனவர்கள் கொடுத்த தரவு. அவர்களில் ஒருவரின் பெயரையும் துரை எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது, ஒரே ஒரு வரியில் வந்து போகிற ஒரு குறிப்பு. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் பல மடங்கு கூடியதாம். இதை முதல் தடவை வாசித்தபோது தாண்டிப் போய்விட்டேன். தட்டோடு மல்லுக்கட்டின பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது.

தண்ணீரில் ஒலி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 1500 மீற்றர் ஓடும். காற்றில் 340 மீற்றர் அளவுதான். இரண்டும் அடர்த்தியிலும் வேகத்திலும் அவ்வளவு வித்தியாசம் என்பதால் தண்ணீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்புக்கு வந்ததும் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரித் திரும்பி உள்ளேயே போய்விடுகிறது. அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குத் தப்பி வருகிறது. பாலத்தில் நின்று காதைத் தீட்டுகிறவர்களுக்கு ஏன் ஒன்றும் கேட்பதில்லை என்பதற்கு வாகன இரைச்சல் மட்டும் காரணம் இல்லை. ஆனால் மரம் தண்ணீருக்குக் கிட்டின சாமான். தண்ணீரில் இருக்கிற அதிர்வு மரத்துக்குள் ஏறப் பெரிய தடை இல்லை. மரத்தில் இருந்து காதைச் சுற்றியுள்ள எலும்புக்கு ஏறவும் அப்படித்தான். எங்கட ஆட்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். காற்று என்ற தடையை அந்தத் துடுப்பு சுற்றிக்கொண்டு போகிறது. இலத்திரனியல் படிக்கப் போனால் இதையேதான் முதல் ஆறு மாதமும் வேற வேற பெயரில் சொல்லித் தருவார்கள்: ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குச் சிக்னல் போக வேண்டும் என்றால் இரண்டும் பொருந்த வேண்டும்.

என்ட முதல் கருவிக்கு அந்தப் பொருத்தம் இருக்கவில்லை. தட்டில் இரண்டு வயரை ஒட்டி, பழைய ஹெட்செட்டின் முள்ளில் இணைத்து, போனின் மைக் ஓட்டைக்குள் செருகினேன். ஒட்டினேன் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். வெள்ளைப் பூச்சில் அயனைக் கொஞ்சம் கூட நேரம் வைத்தால் பூச்சு கழன்று வரும், குறைய வைத்தால் ஈயம் உருண்டையாகி உட்கார்ந்துவிடும். மூன்று தட்டுகள் வீணாய்ப் போயின. நாலாவதை மேசையில் தட்டினால் போனில் "டிக்" என்று வந்தது. சந்தோசத்தில் தம்பியைக் கூப்பிட்டேன். வாளிக்குள் போட்டு, அவனை வாளிச் சுவரில் வாய் வைத்து "ம்ம்ம்" என்று முனகச் சொன்னேன். ஒன்றும் இல்லை. நகத்தால் கீறினால் மட்டும் கேட்கிறது.

கடை மாமாவிடம் கொண்டுபோனேன். திறந்தே பார்க்காமல் சொன்னார்: "தட்டில பிழை இல்ல. அது தாற சிக்னல உண்ட போன் குடிச்சிட்டு இருக்கு." பிறகு ஒரு பீடிக்கட்டுக் கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தட்டு ஒரு கொள்ளளவி மாதிரி, சுமார் 20 நனோபரட். போனின் மைக் ஓட்டைக்குள் இருக்கிற தடை சுமார் 2 கிலோ ஓம். இரண்டையும் பெருக்கி, அதை இன்னும் இரண்டு பை ஆல் பெருக்கி, ஒன்றை அந்த விடையால் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட 4000 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே இருக்கிற சத்தம் எல்லாம் படிப்படியாக வடிந்து போய்விடும். நகக் கீறல் மேலே இருக்கு, கேட்கும். தம்பியின் முனகல் 150 ஹேர்ட்ஸ் பக்கம், கேட்காது. மீன்களில் சத்தம் போடுகிற பல இனங்கள் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்துத்தான் போடுகின்றன. அந்தச் சத்தமும் சில நூறு ஹேர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். ஆக, நான் செய்தது மீனைத் தவிர மற்றதெல்லாம் கேட்கிற கருவி.

தடையை 2 கிலோ ஓமில் இருந்து 1 மெகா ஓமுக்கு உயர்த்தினால் அந்த எல்லை 4000இல் இருந்து 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதைச் செய்ய ஒரு சின்ன இடைச்சுற்று வேண்டும். ரி.எல்.072 என்று எட்டுக் கால் உள்ள ஒரு சில்லு, ஒரு 9 வோல்ட் பற்றறி. 100 கிலோ ஓம் தடை இரண்டை வைத்து பற்றறியின் 9 வோல்ட்டை நடுவால் பிரித்து 4.5 ஆக்க வேண்டும். அந்த நடுப்புள்ளியில் இருந்து 1 மெகா ஓம் வழியாகச் சில்லின் வாய்க்கு ஒரு வழி. தட்டு அந்த வாயில் வந்து சேரும். சில்லு தட்டிடம் இருந்து கிட்டத்தட்ட ஒன்றுமே எடுக்காது, ஆனால் தட்டு சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, மற்றப் பக்கம் போனுக்குத் தேவையான பலத்தைப் பற்றறியில் இருந்து கொடுக்கும். கடை மாமா சொன்ன மாதிரி, "மெல்லப் பேசிற ஆளுக்குப் பக்கத்தில ஒரு மொழிபெயர்ப்பாளர் நிக்கிற மாதிரி."

முதல் நாள் சில்லைத் தலைகீழாகச் செருகி விரல் சுட்டது. இரண்டாம் நாள் வேலை செய்தது, ஆனால் "ம்ம்ம்" என்று ஒரு முழக்கம். மீன் பாடுகிறது என்று நினைத்துப் புல்லரித்த அந்த அரை நிமிடத்தை என்ட வாழ்க்கையில் மறக்க மாட்டேன். அது சுவரில் ஓடுகிற 50 ஹேர்ட்ஸ் வீட்டுக் கரண்ட். 1 மெகா ஓம் வாய் என்பது எல்லாவற்றையும் கேட்கிற வாய். பழைய ரி.வி. அன்ரனா வயரை எடுத்து, அதன் வெளிவலையைப் பற்றறியின் எதிர்ப்பக்கத்தோடு இணைத்த பிறகுதான் முழக்கம் அடங்கியது.

இந்தத் தட்டுக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது, அது சுற்றிச் சுற்றி எங்கட வாவிக்குத்தான் வருகிறது. சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் வரும் என்று 1880இல் ஷாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அது ஆய்வுகூட வித்தையாகவே இருந்தது. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாழ்க்கத் தொடங்கியபோது, பியேர் கியூரியின் மாணவர் போல் லான்ஜவான் குவாட்ஸ் பளிங்கை வைத்துத் தண்ணீருக்குள் ஒலி அனுப்பவும் கேட்கவும் ஒரு கருவி செய்தார். அது 1917. தண்ணீருக்குக் காது வைத்துக் கொடுத்தது நீர்மூழ்கி வேட்டை.

அதே போரில் பிடிபட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலிச் சாமான்கள்தான் கொழும்பில் எங்கட நாட்டின் முதல் ஒலிபரப்பி ஆகின. 1921இல் தந்தி இலாகாவுக்குப் பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹாப்பர், உள்ளூர் ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு வானொலிக் கழகம் தொடங்கி, மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் அந்தப் பழைய சாமான்களைப் பொருத்தி, கிராமபோன் இசையைக் காற்றில் விட்டார். 1925 டிசம்பர் 16இல் நிலையம் முறையாகத் திறக்கப்பட்டது. பி.பி.சி. தொடங்கி மூன்றே வருடம். இலங்கை வானொலி என்ற பெரிய பெயரைக் கேட்கிறபோது கட்டடமும் கோபுரமும்தான் மனதில் வரும். தொடக்கத்தில் அது ஒரு அறை, கழட்டிய சாமான்கள், பழகுகிற கைகள். ஹாப்பர் கொழும்பில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அதே 1924இல்தான் கல்லடியில் லேடி மனிங் பாலமும் திறக்கப்பட்டது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வரும்வரை வாவியைக் கடக்க எங்களுக்கு இருந்தது அந்த ஒற்றைவழி இரும்புப் பாலம்தான்.

இரண்டு கதையும் சந்திக்கிற இடம் 1950கள். அமெரிக்காவில் இருந்து மட்டக்களப்புக்கு வந்த யேசு சபைத் துறவிகளில் ஒருவரான லாங் அடிகளார், கல்லடிப் பக்கம் வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கிச் சத்தத்தைப் பதிவு செய்தார். அந்தப் பதிவு பின்னர் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. துடுப்பில் காது வைக்காத ஆட்களும், வாவியையே காணாத ஆட்களும் அதைக் கேட்டார்கள். அதன் பிறகுதான் பாடும் மீன் நாடு முழுவதற்கும் ஒரு செய்தி ஆனது.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஏன் என்றால் அப்போது இருந்தவை வால்வு அம்பிளிபயர்கள். வால்வின் உள்வாய் இயல்பாகவே மெகா ஓம் அளவு தடை உள்ளது. பளிங்கு மைக்கும் வால்வும் ஒன்றுக்காக ஒன்று செய்தது மாதிரி. பழைய றேடியோக்களில் இசைத்தட்டு ஊசிக்குப் பளிங்கையே பயன்படுத்தியதற்கு ஒரு காரணம் அது. பாரம் அதிகம், சூடு, நூற்றுக்கணக்கான வோல்ட், தொட்டால் ஆள் தப்புவது சந்தேகம். ஆனால் மெல்லப் பேசுகிறதைக் கேட்கிற குணம் அதற்குக் கூடப் பிறந்தது. பிறகு வந்த முதல் தலைமுறை ட்ரான்சிஸ்டர் சிறியது, மலிவு, பற்றறியில் ஓடும், ஆனால் உள்வாய்த் தடை குறைவு. நான் இன்று ரி.எல்.072ஐ வைத்துச் செய்கிற வேலை, அதன் வாயில் இருக்கிற வேறொரு வகை ட்ரான்சிஸ்டரால் வால்வின் அந்தக் குணத்தைத் திரும்ப வாங்குகிறது. நவீனம் என்று நினைத்த போன் தோற்ற இடத்தில் தாத்தா காலத்துப் பெட்டி வென்றிருக்கும் என்பது எனக்கு நல்ல பாடம்.

இந்தக் கதையில் இன்னொரு ஆளைச் சொல்லாமல் விட ஏலாது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பிறகு சுவாமி விபுலானந்தர். அவர் எழுதிய யாழ்நூலில் "நீரர மகளிர்" என்று ஒரு பாடல் வருகிறது. நிலவில் வாவி நடுவே தோணியில் இருந்து தண்ணீருக்குள் எழும் இசையைக் கேட்கிற கற்பனை. பள்ளியில் இதைத் தமிழ்ப் பாடமாகவே கேள்விப்படுகிறோம். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தவர், விஞ்ஞானம் படிப்பித்தவர், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதை அந்தப் பாடத்தோடு சேர்த்து யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. யாழ்நூல் பாதிக்கு மேல் கணக்கு. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதங்களை வைத்து, அழிந்துபோன யாழ்களைத் திரும்பக் கட்ட முயன்ற நூல். 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அப்படிப்பட்ட ஆளின் சமாதி இருக்கிற ஊரில், பதினாறு வயதில் "நீ ஆர்ட்ஸா, மெத்ஸா, பயோவா" என்று எங்களைப் பிரித்துவிட்டு, ஆர்ட்ஸ் என்றவளின் கையில் சோல்டரிங் அயனைக் கண்டால் "உனக்கு எதுக்குகா இது?" என்று கேட்கிறார்கள்.

சரி, லாங் அடிகளார் காலத்துக்குப் பிறகு ஏன் அடுத்தவர்கள் வரிசையாக வரவில்லை? அம்மாவிடம் கேட்டேன். அவர் பிறந்தது படுவான்கரையில். 1990க்குப் பிறகு வாவி ஒரு எல்லை. எழுவான்கரை ஒரு பக்கம், படுவான்கரை மறுபக்கம், நடுவில் துறையும் சோதனைச் சாவடியும். இரவில் வாவியில் தோணி விடுவது சத்தம் கேட்கப் போகிற காரியம் இல்லை, சூடு வாங்கப் போகிற காரியம். பற்றறி அந்தப் பக்கம் கொண்டுபோக ஏலாது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதையை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அம்மா வீட்டில் பழைய டோர்ச் பற்றறியை வெயிலில் காயவைத்து, அடியில் ஆணியால் குத்தி உப்புத் தண்ணீர் விட்டு இன்னும் ஒரு செய்தி கேட்பார்களாம். "இரண்டு கிழமை பற்றறி எங்களுக்கு மூன்று மாதம் வரும்" என்று அவர் பெருமையாகச் சொல்வார். உலர்ந்த மின்கலத்துக்குள் ஈரம் போனால் மின்பகுபொருள் திரும்பவும் கொஞ்சம் வேலை செய்யும் என்பதை நான் கடை மாமாவிடம் கற்பதற்கு முப்பது வருடத்துக்கு முன்னமே எங்கட அம்மம்மா செய்து பார்த்திருக்கிறா.

அதே 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வெளிக்கிட்ட அருட்தந்தை யூஜின் ஹீபெட், கூடப் போன இளைஞரோடு காணாமல் போனார். லாங் அடிகளார் போலவே அமெரிக்காவில் இருந்து வந்த யேசு சபைக்காரர். வாவியின் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டிய வேற சத்தங்கள் இருந்த காலம் அது.

மற்ற ஊர்களில் கதை வேற மாதிரிப் போயிருக்கிறது. 1942இல் அமெரிக்காவின் செசபீக் குடாவில் நீர்மூழ்கியைப் பிடிக்கப் போட்ட கேட்கும் கருவிகளில் பெரிய இரைச்சல் வந்து, கடைசியில் அது ஒரு வகைக் கத்தும் மீன் என்று தெரிந்தது. போர்க் கருவியால் அங்கே மீன்களின் சத்தம் ஒரு படிப்பாக வளர்ந்தது. 1980களில் கலிபோர்னியாவின் சோசலீற்றோவில் படகு வீடுகளில் இருந்தவர்களுக்கு ராத்திரி முழுக்க ஒரு முழக்கம். மின்சாரக் கேபிள், நீர்மூழ்கி என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். பார்த்தால் ஆண் மீன்கள் பெண் மீன்களைக் கூப்பிடுகிற சத்தம், கிட்டத்தட்ட 100 ஹேர்ட்ஸ். படகு வீட்டின் அடித்தட்டு அந்த ஆட்களுக்குத் துடுப்பு மாதிரி வேலை செய்திருக்கிறது. அவர்கள் அந்த மீனுக்குத் திருவிழாவே எடுத்தார்கள். எங்களுக்கு இலச்சினை இருக்கு, சத்தம் இல்ல.

போன ஆனிப் பறுவத்துக்கு நானும் தம்பியும், தெரிந்த மாமா ஒருவரின் தோணியில் போனோம். பெண்பிள்ளை ராவில் வாவிக்கா என்ற பேச்சை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும், விடுவோம். தட்டை அரல்டைட்டில் மூடி, வயரில் ஒரு ஈயக்குண்டு கட்டி, பழைய பாலத்துக்குத் தெற்கே இறக்கினேன். ஹெட்போனில் முதலில் வந்தது பாலம். மேலே ஓடுகிற ஒவ்வொரு ஓட்டோவும் தூணுக்குள்ளால் இறங்கி வாவி முழுக்கப் பேசுகிறது. கொஞ்சம் தள்ளிப் போன பிறகு, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு, நிற்காமல். இதுதானா என்று மாமாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் கேட்டார்.

"இது மீனில்ல புள்ள. இது றால் வகை ஒண்டு, கல்லுக்க இருந்து சொடக்குப் போடும்."

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து தேடினேன். ஒற்றைக் காலைப் படாரென மூடும் சொடுக்கு இறால் உலகம் முழுக்க இந்த மாதிரிக் கடலை இரைய வைக்கும். அந்தச் சத்தம் காலில் இருந்து வருவதில்லை, கால் மூடும் வேகத்தில் உருவாகும் ஒரு குமிழி உடைவதில் இருந்து வருகிறது என்று அதிவேகக் கமெராவில் பார்த்து எழுதினது 2000ஆம் ஆண்டில். மாமா ஹெட்போனில் ஒரு நிமிடம் கேட்டுச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் என்ட கருவி செத்தது. அரல்டைட்டில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை. உவர்த் தண்ணீர் உள்ளே போய், வெள்ளைப் பூச்சுக்கும் பித்தளைக்கும் நடுவில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. மாமா அதை வாங்கி நிலவு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தட்டினால்தானே இது பேசும் என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப ஏன் இதத் தண்ணிக்க போட்டு நாசமாக்கிறாய்?"

துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் ஆழ விட்டு, பிடியின் நுனியைத் தன் காதுக்குப் பின் எலும்பில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு அதே இடத்தில் என்ட காதை வைக்கச் சொன்னார். இறால் சொடக்குக்கு அடியில், தூரத்தில் யாரோ கதவுக்குப் பின்னால் இருந்து மூச்சுப் பிடித்து முனகுகிற மாதிரி ஒன்று, இரண்டு தடவை வந்தது. மூன்றாவது வருமுன் பாலத்தில் ஒரு பஸ் போனது.

"இந்தப் புடியில ஒட்டு" என்றார் மாமா, என்ட செத்த தட்டைத் துடுப்பு நுனியில் வைத்துப் பார்த்தபடி. "நனையாது. நான் புடிச்சுக்கொண்டு இருப்பன், நீ உண்ட பெட்டியத் திருக்கு."

அடுத்த நாள் கடையில் புதுத் தட்டு இரண்டு வாங்கினேன். துடுப்பின் பிடி உருண்டை, தட்டு தட்டை. இரண்டும் முழுக்கத் தொட வேண்டும் என்றால் பிடியில் ஒரு பக்கம் சீவ வேண்டும். மாமா உளியோடு வரச் சொல்லியிருக்கிறார்.